வட்டம் போட்ட குழாய்கள்

தொட்டியக்கா எங்கே என்று கேட்டால், அந்தப் பட்டறையில் வாசல் காவல்காரரே கை நீட்டிக் காட்டிவிடுவார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டீர்களானால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்று உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். கல்யாணமான புதிதில் தண்ணீர்த் தொட்டி முன்னால் வந்து உட்கார்ந்தவள். இப்போது தலை பாதி நரைத்துவிட்டது, உள்ளங்கை ஊறி ஊறி வெளுத்தே போய்விட்டது, எழுந்திருக்கத்தான் மனசு வரவில்லை.

அது பித்தளைக் குழாய் செய்கிற பட்டறை. சமையலறையிலும் குளியலறையிலும் திருகினால் தண்ணீர் கொட்டுமே, அந்தக் குழாய்தான். பின்கட்டில் உலை எரியும். பித்தளையை உருக்கி மண் அச்சில் ஊற்றி வார்ப்பார்கள். நடுக்கூடத்தில் கடைந்து, மெருகேற்றி, கைப்பிடி மாட்டுவார்கள். கடைசியில் எல்லாம் தொட்டியக்காவிடம்தான் வந்து சேரும். அவள் குழாயைக் காற்று வருகிற குழலில் மாட்டி, திருகி மூடி, தண்ணீருக்குள் அமுக்குவாள். மயிரிழை அளவு ஓட்டை இருந்தாலும் அங்கிருந்து குமிழி கிளம்பும். கிளம்பினால் போச்சு! குழாயை வெளியே எடுத்துத் துடைத்து, ஓட்டை இருக்கிற இடத்தைச் சுற்றி மஞ்சள் மெழுகுக்கட்டியால் ஒரு வட்டம் போடுவாள். வட்டம் விழுந்த குழாய் நேரே உலைக்குப் போய் உருகிவிடும். முதலாளியே வந்து கெஞ்சினாலும் அந்த வட்டத்தை அழிக்க முடியாது. அவர் கெஞ்சியதும் இல்லை, ஒருநாளும் திருப்பிச் சோதித்துப் பார்த்ததும் இல்லை. அவள் போட்டால் போட்டதுதான்.

வீட்டுக்காரருக்குப் பிளம்பர் வேலை. இது போதாதா ஊர் சிரிக்க? "ஒழுகாத குழாயாப் பாத்துப் பாத்து அனுப்புறியே, அப்புறம் நான் எதை ரிப்பேர் பண்றது? கட்டின புருஷன் பொழப்புல மண்ணள்ளிப் போடறவ உலகத்துலேயே நீ ஒருத்திதான்டி" என்பார். "ஒழுகுற வாயை முதல்ல மூடுங்க" என்பாள் இவள். இருபது வருஷமாக இதே பேச்சுத்தான், இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை.

அவளை அலுக்க வைத்தவன் ஒரே ஒருத்தன், தம்பி. அம்மா கண்ணை மூடும்போது இவள் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போன பிள்ளை. பிள்ளை என்ன பிள்ளை, முப்பதைத் தாண்டிய தடிமாடு. தியேட்டரில் டிக்கெட் கிழித்தான், பார்சல் தூக்கினான், செல்போன் உறை விற்றான், ஒரு இடத்தில் ஒழுங்காக ஒரு வருஷம் நின்றானில்லை. ஒவ்வொரு வேலையை விட்டுவிட்டு வரும்போதும், "எனக்கும் அதுக்கும் ஒத்து வரலக்கா" என்று சோற்றுத் தட்டு முன்னால் உட்காருவான். கடைசியில் இவள்தான் முதலாளியிடம் போய் நின்றாள். "என் முகத்துக்காக எடுத்துக்கங்க. ஏதாவது கோணல்மாணல் பண்ணினான்னா என்னையும் சேர்த்து வெளியே அனுப்புங்க" என்றாள். அவர் அவனை உலை வேலையில் போட்டார்.

அதிசயம் என்னவென்றால், பயல் நின்றுவிட்டான்! கொதிக்கிற பித்தளையை அச்சில் ஊற்றுகிற வேலை அவனுக்குப் பிடித்துப்போனது. முகமெல்லாம் கரியோடு மத்தியானம் சாப்பிட வரும்போது, "அக்கா, இன்னிக்கு நான் ஊத்தினதுல ஒண்ணாவது வட்டம் வாங்கிச்சா, சொல்லு பாப்போம்" என்று வம்புக்கு இழுப்பான். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணோடு பேச்சுவார்த்தை என்று காதில் விழுந்தது. தொட்டியக்கா வெளியே திட்டினாலும் உள்ளுக்குள் குளிர்ந்துபோனாள். இனிமேல் இவனைப் பற்றிக் கவலையில்லை, நாமும் நிம்மதியாக மூச்சு விடலாம் என்று நினைத்தாள்.

அந்த நினைப்பில்தான் யார் கண் பட்டதோ! ஒருநாள் டிவியில் அக்கம்பக்கத்து நாட்டுத் தலைவர்களெல்லாம் நீள மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள், கை குலுக்கினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள்.

"என்னங்க விசேஷம்?" என்று கேட்டாள்.

"இனிமே எல்லையில வரி கிடையாதாம். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, கடைசியில சுத்தமா எடுத்துடுவாங்களாம். அவங்க சரக்கு இங்க வரும், நம்ம சரக்கு அங்க போகும்" என்றார் வீட்டுக்காரர்.

"நம்ம குழாயும் போகுமா?"

"ஏன் போகாது? போகட்டும், அங்க இருக்கிற பிளம்பர் வயித்துலயும் அடி."

சிரித்துவிட்டுத் தூங்கப் போனார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பட்டறையே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

குழாய் போகவில்லை, வந்தது. எல்லைக்கு அந்தப்பக்கம் பெரிய ஆலை ஒன்று இருக்கிறதாம். எல்லாம் மெஷின், கைபடாமல் வார்க்கிறார்களாம். வரி இருந்தவரைக்கும் அந்தக் குழாய் இங்கே வந்து சேரும்போது யானை விலையாகிவிடும். முதல் வருஷம் வரி குறைந்ததுமே கடைக்காரர்கள் முதலாளியிடம் முகத்தைச் சுளிக்க ஆரம்பித்தார்கள். அவரும் சும்மா பார்ப்போமே என்று அந்த ஆலையிலிருந்து ஒரு லோடு தருவித்து, தொட்டியக்காவின் தொட்டிக்கு அனுப்பினார்.

ஐயோ, அன்றைக்கு நடந்த கூத்தைப் பார்க்க வேண்டுமே! பளபளவென்று பெட்டியில் வந்த குழாய்களைத் தண்ணீரில் அமுக்கினால் பொங்குகிறது குமிழி. பக்கத்துத் தொட்டியில் இருந்த வாயாடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, இது குழாயில்ல, புல்லாங்குழல்!" என்றாள். கைப்பிடி அடியில் ஒரு வட்டம், கழுத்தில் ஒரு வட்டம், சிலதில் மூன்று வட்டம். மஞ்சள் கட்டி தேய்ந்தே போனது. தொட்டியக்கா அன்று நிமிர்ந்து நடந்தாள். தம்பியிடம், "உன் உலையை அணைக்க எவனும் இன்னும் பொறக்கலடா" என்றாள். வட்டம் போட்ட குழாயெல்லாம் வந்த வழியே எல்லை தாண்டித் திரும்பிப் போயின.

அடுத்த லோடில் கைப்பிடி அடியில் குமிழி வரவில்லை. சரி, இந்த முறை தப்பித்தார்கள் என்று விட்டாள். அதற்கடுத்ததில் கழுத்திலும் வரவில்லை. அப்போதுதான் அவளுக்குத் திக்கென்றது. திரும்பிப் போன குழாயை அவர்கள் தூக்கி எறியவில்லை. இவள் வட்டம் போட்ட இடத்தைப் பார்த்துப் பார்த்துத் தங்கள் அச்சைத் திருத்தியிருக்கிறார்கள்! எங்கே ஓட்டை, எங்கே ஓட்டை என்று இவளே மஞ்சள் கட்டியால் காட்டிக் கொடுத்திருக்கிறாள். சம்பளம் வாங்காத வாத்தியார் வேலை. வாயாடியிடம் சொன்னாள். அவள் சிரிக்கவில்லை.

பின்கட்டில் உலை வாரம் முழுக்க எரிந்த காலம் போய், ஒருநாள் விட்டு ஒருநாள் எரிந்தது. அப்புறம் அதுவும் குறைந்தது. உலைக்காரர்கள் வெறுமனே மண்ணைச் சலித்துக்கொண்டு, யார் தலை முதலில் உருளும் என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தொட்டியக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் தம்பி கொஞ்சம் பேசாமல் இருந்தால், போச்சு, வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டான் என்று பதறுவாள். அவன் சிரித்துப் பேசினாலும், எதையோ மறைக்கிறான் என்று பதறுவாள்.

இந்த லட்சணத்தில் வீட்டுக்காரருக்கு மட்டும் நல்ல காலம். குழாய் விலை இறங்கியதும், ஒரு குழாய் வைத்திருந்த வீட்டில் மூன்று குழாய் வைத்தார்கள், மாடியில் இன்னொரு குளியலறை கட்டினார்கள். மனுஷருக்கு நிற்க நேரமில்லை. ஒருநாள் அவருடைய பையைத் துவைக்க எடுத்தவள், உள்ளே அந்த வெளிநாட்டுக் குழாயைப் பார்த்துவிட்டாள்.

"இதையா மாட்டுறீங்க?"

"நான் என்ன பண்ண? வாங்கிக் குடுக்கிறதைத்தானே மாட்ட முடியும்?"

"உங்க மச்சினன் சோத்துல மண்ணு விழுது, தெரியுதா?"

"தெரியுது. நான் மாட்டலேன்னா இன்னொருத்தன் மாட்டுவான். அப்புறம் உன் தம்பிக்குச் சோறு போடக்கூட நம்மகிட்ட வழி இருக்காது." அவர் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நியாயம் பேசுகிற ஆளோடு எப்படிச் சண்டை போடுவது? பையை அப்படியே போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மழை விட்ட ஒரு காலை, பட்டறைக்கு நடந்துபோகும் வழியில் தம்பி விஷயத்துக்கு வந்தான்.

"அக்கா, இன்னிக்கு வர்ற லோடுதான் முக்கியமாம். இது நல்லா இருந்தா உலையை மூடறதுன்னு பேசிக்கிறாங்க."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான். நீ ஒண்ணு பண்ணு. கொஞ்சம் குழாயில சும்மா வட்டம் போட்டு விட்டுடு. உன் கையை யாரு கேக்கப் போறா? இது சரிப்படாதுன்னு முதலாளி அவங்களைத் தலைமுழுகிடுவார்."

அவளுக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "செருப்பு பிஞ்சிடும். இத்தனை வருஷமா ஒரு பொய் வட்டம் போட்டிருப்பேனா நான்? உன் குழாயைக்கூட விட்டது கிடையாது, தெரியுமில்ல?"

"தெரியும். அதனாலதான் கேக்கிறேன். நீ போட்டா நம்புவாங்க." அதற்குமேல் அவன் கெஞ்சவில்லை. கொஞ்ச தூரம் நடந்தபின், "இது ஒண்ணுதான்க்கா எனக்கு ஒத்து வந்துச்சு" என்று மட்டும் சொன்னான். சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது பேசிய அதே குரல். 

பெட்டிகள் வந்து இறங்கின. தொட்டியக்கா முதல் குழாயை அமுக்கினாள். ஒன்றுமில்லை. இரண்டாவதும் அப்படியே. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள், குழாயைப் புரட்டிப் புரட்டிக் காட்டினாள், காற்றைக் கூட்டி வைத்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. ஏதாவது ஒன்றிலாவது வந்து தொலையக் கூடாதா என்று மனசுக்குள் கெஞ்சினாள். இருபது வருஷமாகக் குமிழியைக் கண்டால் எரிந்து விழுந்தவள், அன்று ஒரு குமிழிக்காகத் தவம் கிடந்தாள்.

மத்தியானம் வாயாடி சாப்பிடப் போனதும், நல்ல குழாய் ஒன்றைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.  எங்கே போடுவது? ஓட்டை இருந்தால் அல்லவா இடம் தெரியும்! கடைசியில் கழுத்தோரத்தில், முன்பெல்லாம் ஒழுகின இடத்திலேயே, ஒரு வட்டம் போட்டாள். போட்டவுடன் யாரோ பிடரியில் அடித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தாள், யாருமில்லை. அடுத்ததை எடுத்தாள். ஒன்று போடுகிறவரைக்கும்தான் கை கூசியது, அதற்கப்புறம் அது பாட்டுக்கு ஓடியது. லோடு முடியும்போது ஏறக்குறைய பாதிக்கு மஞ்சள் விழுந்திருந்தது.

தம்பியிடம் மூச்சு விடவில்லை. அவன் செய்யச் சொன்னான், இவள் திட்டினாள், அதோடு முடிந்தது என்றே அவன் நினைக்கட்டும். மாட்டினால் தன்னோடு போகட்டும் என்று இருந்தாள்.

அதற்கப்புறம் போன நாட்கள் இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம் அந்தப் பாடு. முதலாளி ஒரு குழாயைக் கையில் எடுத்தால், அதைக் கீழே வைக்கிறவரைக்கும் இவள் கண் அங்கேயே இருக்கும். தொட்டிப் பக்கம் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் கையிலிருப்பது நழுவும். ஒரே ஒரு குழாயை அவர் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தால் போதும், குட்டு உடைந்துவிடும். "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்று வாயாடி கேட்டாள். தலைவலி என்றாள். வீட்டுக்காரர் கேட்டதற்கும் தலைவலி என்றாள். அத்தனை பேரும் அவளுக்குத் தைலம் வாங்கிக் கொடுத்ததுதான் மிச்சம்.

முதலாளி கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஓயாமல் போனில் பேசிக்கொண்டிருந்தார். சில சமயம் கத்துவது வெளியே கேட்டது. கத்துகிறாரே, அந்த ஆலைக்காரனைத் திட்டுகிறாரே என்று அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. நாம் செய்தது வீண் போகவில்லை, பயலுக்கு உலை நிலைத்துவிடும். கடவுளே, இந்த ஒரு பொய்யை மன்னித்துவிடு என்று வேண்டிக்கொண்டாள்.

ஒருநாள் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். போய் நின்றாள்.

"உக்காரும்மா. உன் கையால ஒரு பெரிய காரியம் ஆயிருக்கு" என்றார். முகத்தில் கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது. "ஒளிக்காமச் சொல்றேன். அந்த ஆலைக்காரன் கேட்ட விலைக்கும், நாமே வார்க்கிற செலவுக்கும் பெருசா வித்தியாசம் இருந்ததில்ல. வண்டிக்கூலியைச் சேர்த்தா ரெண்டும் ஒண்ணுதான். அதனாலதான் உலையை அணைக்க மனசு வராம இழுத்துக்கிட்டே இருந்தேன். இந்தத் தடவை நீ வட்டம் போட்டதையெல்லாம் படம் எடுத்து அனுப்பி, பாதிச் சரக்கு பழுதுன்னு சண்டை பிடிச்சேன். அவனுக்குப் பெரிய குடைச்சல். கடைசியில விலையை அடியோட இறக்கிட்டான். பழுதானதைத் திருப்பி அனுப்ப வேண்டாம், நீங்களே வெச்சுக்கங்கன்னுட்டான். இனி வருஷம் பூரா இதே விலைதான், பாதி பழுதாப் போனாலும் நமக்குக் கட்டுப்படியாகும்."

அவளுக்கு உடனே புரியவில்லை. வட்டம் போட்டால் குழாய் சாகும். அவளுக்குத் தெரிந்த உலகத்தில் வட்டத்துக்கு அது ஒன்றுதான் அர்த்தம். இந்தப் பட்டறையில் அத்தனை பேரும் அப்படித்தான் பழகியிருந்தார்கள். வட்டத்தை வைத்துப் பேரம் பேசலாம் என்று தொட்டிக்காரிக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

"அப்ப... உலை?"

"இந்த விலைக்கு வாங்கிட்டு இனி எதுக்கும்மா வார்க்கணும்? வர்ற மாசத்தோட மூடறேன். எனக்கு மட்டும் சந்தோஷம்னு நினைக்காதே. எங்க அப்பா மூட்டின உலை அது. ஆனா உன்னை விடமாட்டேன். வர்ற சரக்கு அத்தனையும் உன் கைக்குத்தான். இந்தத் தடவை மாதிரியே கண்ணும் கருத்துமாப் பாரு."

சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஐயா, அது பொய், அத்தனையும் நல்ல குழாய், நான்தான் போட்டேன். சொன்னால் என்ன ஆகும்? விலை மறுபடி ஏறுமா? ஏறாது, இவள் வேலையும் சேர்ந்து போகும். வீட்டில் இருக்கிற இரண்டு சம்பளத்தில் ஒன்று அடுத்த மாசத்தோடு போகப்போகிறது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். நடுக்கூடம் தாண்டுகிறவரைக்கும்தான் நடந்தாள், அப்புறம் குழாய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சேதி ஏற்கெனவே பின்கட்டுக்குப் போயிருந்தது. பாதிச் சரக்கு பழுது என்பதால்தான் விலை இறங்கியது என்பதும் சேர்ந்தே போயிருந்தது. தம்பிக்குச் சொல்லவா வேண்டும்? அவள் எங்கே இருப்பாள் என்று தெரிந்த மாதிரி நேரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"போட்டியா?" என்று கேட்டான்.

தலையை ஆட்டினாள். "பாவி, நீ சொன்னியேன்னு போட்டேன்டா. உன் வாயில நானே மண்ணைப் போட்டுட்டேனே!"

"நான்தானேக்கா கேட்டேன்." அவன் அவளைத் திட்டியிருந்தால் தேவலை போல இருந்தது. முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தான். யாருக்கு யார் ஆறுதல் சொல்வது என்ற வெட்கமே இல்லாமல் அவள் அவன் தோளில் சாய்ந்து அழுதாள்.

உலையைக் கடைசியாக அணைத்த பிறகும் அவன் வீட்டில் சும்மா உட்காரவில்லை. அதிலேயே அவளுக்குப் பயம் வந்தது. யார் யாரையோ பார்த்தான், போட்டோ எடுத்துக்கொண்டு வந்தான், துணியெல்லாம் துவைத்து மடித்தான். பார்சல் தூக்கப் போகிறவன் துணி மடிப்பானா? வீட்டுக்காரரைக் கேட்டால், அவனே சொல்வான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சொன்னான். அவள் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது எதிரில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"ஏஜென்ட் ஆள் எடுக்கிறான். வார்ப்பு தெரிஞ்சவங்களுக்கு நல்ல கிராக்கியாம். ரெண்டு வருஷம் அக்ரிமென்ட்."

"எங்கடா?"

அவன் கொஞ்சம் சிரித்தான். "எல்லைக்கு அந்தப்பக்கம். அதே ஆலைதான். எல்லாம் மெஷின்னு சொன்னாங்களே தவிர, ஊத்தறதுக்கு ஆள்தானாம்."

கத்தியைக் கீழே வைத்தாள். போகாதே என்று சொல்ல வாய் வந்தது. எதைக் காட்டி நிறுத்துவது? இந்த ஊரில் எரிகிற உலை ஒன்றுகூட இல்லை.

"மருந்துக்கடைக்காரிகிட்ட?"

"சொல்லிட்டேன். நான் திரும்பி வர்றவரைக்கும் காத்திருக்கேன்னு சொன்னா. பாப்போம்." நறுக்கி வைத்த காயில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். "இனிமே நான் ஊத்துற குழாயெல்லாம் உன் தொட்டிக்குத்தான் வரும்க்கா. யாருக்காகவும் பாவம் பாத்து அதுல பொய்யா வட்டம் போட்டுடாதே. அங்கேயும் என்னை வெளியே அனுப்பிடுவாங்க."

"நீ ஒழுகாம ஊத்துடா" என்றாள் தொட்டியக்கா. கத்தியை எடுத்து மிச்சக் காயை நறுக்க ஆரம்பித்தாள்.